பன்னிரண்டு மணி நேர வேலையும் கிள்ளான் தோட்டங்களும்



பண்டமாரான் பக்கம் இன்று துறைமுக லாரிகளும் தொழிற்சாலைகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆயினும் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தை நாம் மறந்துவிடலாகாது. அது கூலி உயர்வுக்கான போராட்டம் என்றே பலரும் சொல்வர். அது பாதி உண்மைதான்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று வைத்த கோரிக்கைகளைப் பார்ப்போம். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, 10 முதல் 12 மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

இதன் பொருள் பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். இருட்டோடு பெரட்டு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். பிறகு மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். அதன் பின்னும் வேலை என்றால் கை தளரும், கண் அயரும். கூரிய கத்தியும் ஈரச் சரிவும் களைத்தவருக்கு இரக்கம் காட்டுமா?

எட்டு மணி நேர வேலை அப்போது புதுமையும் அல்ல. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1919இலேயே அதை உடன்படிக்கையாக்கியது. ஆனால் அது ஆலைத் தொழில்களுக்கானது. விவசாயம் அதில் சேரவில்லை. தோட்டத் தொழிலாளி அங்கும் வாசலுக்கு வெளியேதான்!

நாதன் 1941 மே 5ஆம் நாள் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் மூண்டு பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

இன்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால், இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். பத்து நிமிடம் தேநீர் குடிப்பது அந்த ஓய்வாகாது. வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த சொக்சோ, வேலையிடத்துக் காயத்துக்கு மட்டுமன்று, அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் உதவித்தொகை வழங்குகிறது. வழியில் சொந்த வேலைக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் மட்டும் அது கிடைக்காது.