பிரம்பும் பாடமும்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் வாயில் நெடுநாளாக வழங்கும் பழமொழி. மாட்டுக்குச் சொன்னதை மக்களுக்கும் ஏற்றி, திண்ணைப் பள்ளிக்கூட நாள்தொட்டுப் பிரம்பைக் கல்வியின் துணைக்கருவியாகவே கருதி வந்தோம். ஒரு செயலின் விளைவு மனிதனுக்கு எங்ஙனம் பாடம் கற்பிக்கிறது? அச்சமும் ஐயமும் அப்பாடத்தை எவ்வாறு மாற்றுகின்றன? அறிஞர் இவ்வினாக்களை நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1898-ஆம் ஆண்டில் எட்வர்டு தார்ன்டைக் என்னும் இளைஞர் தம் ஆராய்ச்சியுரையை அளித்தார். பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டியில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். கீறியும் கடித்தும் திமிறிய பூனை தற்செயலாக வளையத்தை இழுத்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, அது வெளிவரும் நேரம் படிப்படியாகக் குறைந்தது. இத்தகைய சோதனைகளைக் கொண்டு 1911-இல் அவர் 'விளைவு விதி'யை விளக்கினார்: நிறைவு தரும் செயல் வேரூன்றும், துன்பம் தரும் செயல் தளரும். பிரம்புக்கு விஞ்ஞானமே சான்று பகர்ந்தது போலாயிற்று.

ஆயினும் தார்ன்டைக் அவ்வளவில் நிற்கவில்லை. பின்னாளில் மனிதரிடம் சோதனை நடத்தினார். அறியாத சொல்லுக்குப் பல பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் அறிவித்தார். 'சரி' என்பது விடையை நிலைநிறுத்தியது. 'தவறு' என்பதோ பிழையை அவ்வளவாகத் தளர்த்தவில்லை. 1932-இல் வெளிவந்த நூலில் தம் விதியின் பிற்பாதியை அவரே திருத்திக்கொண்டார். தண்டனை ஒரு வழியை அடைக்கலாம். செல்ல வேண்டிய வழியைக் காட்டுவதில்லை.

அப்படியாயின் கற்பிப்பது எது? எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே என்று 1972-இல் ரெஸ்கோர்லா, வாக்னர் என்னும் அறிஞர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். மூளையிலும் அதற்குச் சான்று கிடைத்தது. எதிர்பாராமல் பழச்சாறு பெற்ற குரங்கின் மூளையில் டோபமின் நரம்பணுக்கள் விரைந்து துடித்தன. எதிர்பார்த்த சாறு வந்தபோது அவ்வாறு துடிக்கவில்லை. வாராது போனபோது சற்றே அடங்கின. உல்ஃப்ராம் ஷுல்ட்சும் அவருடன் இருவரும் 1997-இல் இதனை விளக்கினர்.

ஐயத்தின் பங்கு அடுத்துத் தெளிவாயிற்று. விதி அடிக்கடி மாறும் சூழலில் மனிதர் புதிய விளைவுகளுக்கு மிகுந்த மதிப்பளித்து விரைவில் கற்பதையும், நிலையான சூழலில் ஒரு விளைவைக் கண்டு எளிதில் மனம் மாறாமையையும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் 2007-இல் கண்டனர். ஆனால் கவலை மிகுந்த இயல்பினர், சூழலுக்கேற்ப இவ்வாறு மாற்றிக்கொள்வதில் பின்தங்குகின்றனர் என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எந்த விளைவைப் பெரிதாகக் கொள்வது, எதனைப் புறந்தள்ளுவது என்னும் அளவுகோலே அவர்களிடம் பிறழ்கிறது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் விலக்கியது. சட்டம் பள்ளி வாயிலோடு நின்றுவிடலாம்; வீட்டில் பொறுப்பு நம்முடையது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இது நெருங்கிய செய்தி. ஊர் மாறிய குழந்தைக்குப் பள்ளி புதிது, மொழி புதிது, விளையாட்டின் விதியும் புதிது. நேற்றுவரை சரியாயிருந்தது இன்று நகைப்புக்கு இடமாகிறது. மேற்கூறிய ஆய்வு வளர்ந்தோரிடம் நிகழ்ந்ததே எனினும், நிலையற்ற சூழலில் தடுமாறும் பிள்ளைமீது அச்சத்தையும் ஏற்றுவது அறிவுடைமையாகாது என்பதை நாம் உணரலாம். 'தவறு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், சரியானது எதுவென்று காட்டுவோம்; நேற்று ஒரு விதி, இன்று ஒரு விதி என்று வீட்டிலும் குழப்பாதிருப்போம். மாறும் ஊர்களுக்கு இடையே மாறாத ஓரிடம் குழந்தைக்கு வேண்டும். அதனை அளிப்பது நம் கையில் உள்ளது.