சித்திப் பெண்களும் அவர்களின் கவந்திப் போர்வைகளும்

இந்திய வரலாற்றில் ஹபஷிகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர் மாலிக் அம்பர். ஏறத்தாழ 1548இல் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பக்தாத் வழியாகத் தக்காணத்திற்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். பின்னர் அஹ்மத்நகர் அரசின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று, முகலாயப் படைகளை நெடுங்காலம் தடுத்து நிறுத்தினார். 1626இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் குல்தாபாத்தில் இன்றும் இருக்கிறது. அஹ்மதாபாத்தில் 1573இல் எழுந்த சீதி சைய்யித் பள்ளிவாசலில், மரக்கிளைகள் பின்னிப் படர்வதைப் போலக் கல்லில் குடையப்பட்ட சாளரத்தைக் காணாத பயணியர் அரிது. கடல் நடுவே நிற்கும் ஜஞ்சீராக் கோட்டை 1948 வரை சீதி நவாபுகளின் ஆட்சியில் இருந்தது.

வாளேந்தியவர்களுக்கும் கல்லில் கட்டியவர்களுக்கும் வரலாற்று நூல்களில் இடம் கிடைத்துவிட்டது. அதே ஆப்பிரிக்க மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டு, அரசவையும் கோட்டையும் காணாமல் காட்டுக்குள் ஒதுங்கிய மக்களுக்கு அப்படி ஓரிடம் வாய்க்கவில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் வாழும் சித்திகளைப் பற்றியே சொல்கிறேன். (நம் மொழியில் சிற்றன்னையைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. ‘சய்யிதீ’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.) ஹபஷாவையும், அங்கு நஜ்ஜாஷி மன்னரிடம் அடைக்கலம் தேடிச் சென்ற முதல் ஹிஜ்ரத்தையும் நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நம் நாட்டிற்கே வந்து சேர்ந்த ஒரு கூட்டம் நமக்கு அண்டை மாநிலத்தில் வாழ்வதை ஏனோ கற்பிப்பதில்லை.

1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர், கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி அங்கே அடிமைகளாக விற்றனர். அவர்களில் தப்பியோடியவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தனர். இன்றைய சித்திகளில் பெரும்பாலோரின் முன்னோர் இவர்களே என்பது பொதுவான கருத்து. பிஜாப்பூர் சுல்தான்களின் காலத்திலும் அப்பகுதியில் ஹபஷிகள் இருந்தனர். இன்று இம்மக்கள் கொங்கணி, கன்னடம், உருது ஆகிய மொழிகளைப் பேசுகின்றனர். இஸ்லாமியர், கிறிஸ்தவர், இந்துக்கள் என மூன்று சமயத்தவராக இருந்தும் தம்மை ஒரே மக்களாகவே கருதுகின்றனர். கர்நாடகச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2003இல்தான். பல தலைமுறைகளாக நிலப் பட்டாவோ பிறப்புச் சான்றோ எழுத்து வடிவிலான குடும்ப வரலாறோ இல்லாமல் வாழ்ந்த இவர்களின் வீடுகளில், பாட்டியின் கைத்திறனைப் பேத்தி தொட்டு உணரக்கூடிய பொருளாக இருந்தது ஒட்டுப்போர்வை. அதை அவர்கள் ‘கவந்தி’ என்கின்றனர்.

கவந்திக்கு வேண்டிய கருவிகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதும்: ஊசி, தடித்த பருத்தி நூல், கத்தரிக்கோல். அளவுகோல் இல்லை. துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம் இல்லை. மேலை நாடுகளில் ஒட்டுப்போர்வை தைப்போர் பயன்படுத்தும் உருளைக் கத்தி 1979இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றால் அறிமுகமாகி, அங்குத் துணி வெட்டும் முறையையே மாற்றியது என்பர். சித்திப் பெண்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் துணியை முன்கூட்டியே ஒரே அளவாக வெட்டி வைப்பதில்லை. கிழிந்த சட்டை, நைந்த பாவாடை, சாயம் போன சேலை ஆகியவற்றில் தேறும் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்கின்றனர்.

தைக்கும் முறையும் தனித்தன்மை உடையது. பொதுவாகப் பிற இடங்களில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியை முதலில் உருவாக்குவர். அதன் பிறகு உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைப்பர். கவந்தியில் அடித்துணியே தொடக்கம். பெரும்பாலும் அது ஒரு பழைய பருத்திச் சேலை. அதைத் தரையில் விரித்து, காலை நீட்டி அமர்ந்து, ஒரு மூலையில் தொடங்குகின்றனர். சேலையின் ஓரத்தை மடித்து, அதன்மேல் ஓர் ஒட்டுத்துணியை விளிம்பு உள்மடங்குமாறு வைத்து, ஊசியை ஏற்றி இறக்கிச் செல்லும் எளிய ஓட்டுத்தையலால் பிடிக்கின்றனர். அதன் பக்கத்தில் அடுத்த துண்டு, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. நான்கு ஓரங்களையும் சுற்றி முடித்தபின் இரண்டாம் சுற்று சற்று உட்புறமாகச் செல்லும். இப்படிச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை அடையும்போது போர்வை முடிகிறது. பஞ்சு கிடையாது. ஒட்டின்மேல் ஒட்டு அடுக்கப்படுவதாலேயே அது தடிமன் பெறுகிறது. தையல் வரிசைகளும் துணியோடு சேர்ந்து வெளியிலிருந்து உள்நோக்கி நடப்பதால், முடிந்த போர்வையை வெளிச்சத்தில் பிடித்தால் சதுரத்திற்குள் சதுரமாக நூலின் தடம் தெரியும்.

வரைபடம் இல்லாத வேலை இது. அடுத்த துண்டின் நிறத்தை முந்தைய துண்டே தீர்மானிக்கிறது. சிவப்பின் அருகே மஞ்சள் வேண்டுமா, நீலம் வேண்டுமா என்பதைத் தைப்பவளின் கண் முடிவு செய்யும். பெரிய துண்டுகளின்மேல் சிறுசிறு வண்ணத் துண்டுகளை வைத்துத் தைப்பதும் உண்டு. குழந்தைகளுக்கான போர்வைகளில் இவை நிறைய இருக்கும். இஸ்லாமியச் சித்திப் பெண்கள் சிலரின் போர்வைகளில் பிறை காணப்படுகிறது. கிறிஸ்தவப் பெண்கள் சிலரின் போர்வைகளில் சிலுவை உண்டு. தைக்கும் முறை மட்டும் மூவருக்கும் ஒன்றே. நடுவில் கடைசித் துண்டை மூடும் முன் சிலர் ஒருசில அரிசி மணிகளை உள்ளே இட்டுத் தைக்கின்றனர். போர்வையின் வயிறு காலியாக இருக்கக் கூடாதாம். எல்லாம் முடிந்தபின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் ‘பூலா’ என்று பெயர், அதாவது பூ. பூலா இல்லாத கவந்தியை ஆடையில்லாத உடலுக்கு ஒப்பிடுகின்றனர்.

ஒட்டுப்போட்ட துணி நமக்குப் புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆடையில் ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரலி) கண்டு கூறியுள்ளார்கள். ஆனால் நம் வீடுகளில் இன்று ஒட்டு என்றால் வறுமையின் அடையாளமாகவே எண்ணி மறைக்கிறோம். சித்திப் பெண்கள் அதை மறைப்பதில்லை. மேலும் நான்கு நிறங்களைச் சேர்த்துக் கண்ணில் படும்படி வைக்கின்றனர்.

ஒரு பெரிய கவந்தியைத் தனியாகத் தைப்பவரும் உண்டு. இருவர் மூவர் சேர்ந்து அமர்ந்து தைப்பதும் உண்டு. விரித்த துணியின் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் பேச்சுக்குக் குறைவிருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயலிலும் காட்டிலும் கூலி வேலைக்குப் போக உடல் இடம் தராத மூதாட்டிகள், பிறருக்குப் போர்வை தைத்துத் தந்து ஓரளவு வருவாய் ஈட்டினர். முதுமையில் ஒதுக்கப்படாமல் இருக்க ஊசி அவர்களுக்கு உதவியது. என் பார்வையில் இக்கலையின் சமூகப் பயன்களில் இதுவே முதன்மையானது. அழகைப் பற்றி எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

இக்கலை ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, இந்தியாவில் கற்றதா என்னும் வினா ஆய்வாளர்களிடையே உண்டு. வடகர்நாடகத்தில் ‘கௌதி’ என்றும், மராட்டியத்தில் ‘கோதடி’ என்றும், வங்கத்தில் ‘காந்தா’ என்றும் பழந்துணிப் போர்வைகள் நெடுங்காலமாகத் தைக்கப்பட்டு வருகின்றன. ஆகவே ஊசியும் தையலும் இம்மண்ணினுடையவை என்று வாதிடலாம். நிறங்களை ஒழுங்கின்றி எதிரெதிராக வைத்தும் அழகு குலையாமல் காக்கும் கண், ஆப்பிரிக்கக் கலை மரபை நினைவூட்டுகிறது என்பது ஹென்றி ட்ரூவால் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்று அறிஞர் போன்றோரின் கருத்து. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளின் வழிவந்த பெண்கள் தைத்த போர்வைகளையும் இதனோடு ஒப்பிடுகின்றனர். அங்கும் பழைய வேலையுடைகளே மூலப்பொருள். அப்பகுதிப் பெண்கள் 1966இல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்தனர். இரு கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இருவரும் ஒரே பாட்டியிடம் கற்றனர் என்று நம்புவதற்கு மனம் விழைகிறது. குளிரும் கிழிந்த துணியும் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கும் என்பதும் உண்மையே. எனக்கு இரண்டாவது விளக்கமே போதுமானதாகப் படுகிறது.

ட்ரூவாலின் ஊக்கத்தோடு 2004இல் சித்திப் பெண்களின் ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு ஒன்று தோன்றியது. 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அவர்களின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தரையில் விரித்துப் படுத்த பொருள் சுவரில் தொங்கியது. பெண்களின் கைக்குப் பணம் வந்தது. பெயர் தெரியாத கைவேலையாக இருந்ததற்கு இன்னார் செய்தது என்னும் மதிப்பும் வந்தது. இதைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம். வறியவர் தம் கலையைத் தூய்மையாக வைத்துக்கொண்டு பசித்திருக்க வேண்டும் என்று வயிறு நிறைந்தவர்களே விரும்புவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். வாங்குவோரை எண்ணித் தைக்கும்போது நல்ல துணி தேடப்படுகிறது. நிறம் போகாதது, நைந்துபோகாதது வேண்டும். வீட்டுக்கெனத் தைத்த கவந்தியில் இருப்பதோ உடுத்தித் தேய்ந்த துணி. இந்த மூலையிலுள்ள பச்சை இறந்துபோன மாமியாரின் சேலை, அதன் அருகிலுள்ள கோடு போட்ட துண்டு மகன் பள்ளிக்குப் போட்டுச் சென்ற சட்டை என்று வீட்டார் விரல் வைத்துக் காட்டக்கூடியது அது. அயல்நாட்டில் அதை விலைகொடுத்து வாங்கியவருக்கு அந்தப் பச்சை வெறும் பச்சைதான். ஆலையில் நெய்த கம்பளி எந்தச் சந்தையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இந்நாளிலும், பிள்ளை பிறக்கவிருக்கும் வீட்டில் பெரியவர்கள் பழந்துணி மூட்டையை அவிழ்க்கிறார்கள் என்றால், அது குளிருக்காக மட்டும் இருக்க முடியாது. அந்தச் சிறு போர்வையிலும் நான்கு மூலைகளில் பூலா வைத்துத்தான் நூலை அறுக்கிறார்கள்.