ஷூப் ஷெபூத்: சிறையிருப்பா, திருப்பமா?

இஸ்ரவேலின் மீட்சி பற்றிய தீர்க்கதரிசனங்களை விளக்கித் தமிழில் வரும் சிறு நூல்களில் ஒரு சொல்விளக்கம் ஓயாமல் அச்சாகிக்கொண்டிருக்கிறது. எரேமியா 30:3-இல் தம் ஜனத்தின் சிறையிருப்பைத் திருப்புவதாகக் கர்த்தர் வாக்களிக்கிறார். மூலத்தில் அங்கே உள்ள எபிரெயச் சொல் 'ஷெபூத்'. அது 'சிறைபிடி' என்று பொருள்படும் 'ஷாபா'விலிருந்து வந்ததாம். ஆகவே வாக்குத்தத்தம் முழுதும் கைதிகளின் விடுதலை பற்றியதாம். அந்தச் சிறை கி.மு. 538-இல் கோரேசின் கட்டளையோடு தீர்ந்தது என்பார் ஒருவர். 1948-இல்தான் தீர்ந்தது என்பார் மற்றவர். ஆண்டைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் வேரைப் பற்றி மட்டும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள். அந்த வேர்தான் தவறு.

யோபு 42:10-ஐப் பார்க்கலாம். யோபு சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவருக்குச் செய்ததைச் சொல்ல அங்கே வருவதும் இதே தொடர்தான். நம் பழைய திருப்புதலும் நேர்மையாகச் 'சிறையிருப்பு' என்றே போட்டிருக்கிறது. யோபு எந்தச் சிறையில் இருந்தார்? சாம்பலில் உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் பருக்கள், பிள்ளைகள் வீடு இடிந்து மாண்டார்கள். சபேயர் மாட்டையும் கல்தேயர் ஒட்டகத்தையும் கொண்டுபோனதுதான் சிறை என்று ஒருவர் சாதிக்கலாம். ஆனால் போன மாடு திரும்பி வரவில்லை; இரட்டிப்பாய் வேறு மாடு வந்தது. எழுபதின்மரின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, மற்ற இடங்களில் பெரும்பாலும் சிறை என்ற சொல்லையே ஆளுகிறது. யோபிடம் வந்ததும் அதைக் கைவிட்டு, கர்த்தர் யோபைப் பெருகப்பண்ணினார் என்ற பொருளில் எழுதிவிட்டது. வேறு வழி அவர்களுக்கு இல்லை.

சோதோம் இன்னும் வலிய சாட்சி. எசேக்கியேல் 16:53-இல் எருசலேமுக்கும் சமாரியாவுக்கும் சொன்ன இதே சொல் சோதோமுக்கும் சொல்லப்படுகிறது. அக்கினியில் அழிந்த ஊர் அது. சிறைபிடித்துப் போக அங்கே யார் மிஞ்சினார்கள்? எரேமியா 30:18 யாக்கோபின் கூடாரங்களுக்கு ஷெபூத் உண்டு என்கிறது. 33:11 தேசத்துக்கே உண்டு என்கிறது. கூடாரத்துக்கு விலங்கு பூட்டியவர் யார்? ஆமோஸ் 9:14-இல் இந்தச் சொல்லைத் தொடர்ந்து வருவனவும் பாழான பட்டணங்களைக் கட்டுவது, திராட்சத்தோட்டம் நாட்டுவது, அதன் ரசத்தைக் குடிப்பது, தோட்டமிட்டுக் கனி புசிப்பது. ஒரு குடும்பம் பழைய நிலைக்கு மீளும்போது செய்கிற காரியங்கள் இவை.

'திரும்பு' என்று பொருள்படும் 'ஷூப்' என்னும் வினையின் தொழிற்பெயரே ஷெபூத் என்பது என் துணிபு. வினையும் அதன் பெயரும் அடுத்தடுத்து நிற்கும் இந்த அமைப்பில் தமிழர் திகைக்க ஒன்றுமில்லை. ஆட்டம் ஆடினான், பேச்சுப் பேசினான் என்கிறோம். எபிரெயத்திலும் சொப்பனம் சொப்பனங்காண்பது, வழக்கு வழக்காடுவது உண்டு. அந்த வரிசையில் நிற்பதே ஷூப் ஷெபூத், திருப்பம் திருப்புதல். ஷூப் தன்வினையாயிற்றே, அது செயப்படுபொருளை எப்படி ஏற்கும் என்று கேட்கிறார்கள். ஏற்கத் தயங்கியதைச் சுவடிகளே காட்டுகின்றன: எரேமியா 33:26-இல் எழுத்தில் தன்வினையும் ஓரக்குறிப்பில் பிறவினையும் நிற்கின்றன. 'திரும்பு' எது, 'திருப்பு' எது என்று எபிரெய மூலத்தைப் பேணிய மசோரேத்தியருக்கும் அங்கே இரு மனம். பெயர்ச்சொல்லும் அப்படியே. யோபில் எழுதியிருப்பது ஷெபீத், வாசிக்கச் சொல்வது ஷெபூத்; சங்கீதம் 85:1-இல் அது தலைகீழ். பழைய கையெழுத்தில் ஷெபூத்தின் வாவ் எழுத்தும் ஷெபீத்தின் யோத் எழுத்தும் ஒரு கோட்டின் நீளத்தில்தான் வேறுபடும். ஆகவே யோதை மட்டும் பிடித்துக்கொண்டு சிறை என்று வாதிப்பது செல்லாது.

மாற்றுக் கட்சிக்கு ஆள் இல்லாமல் இல்லை. 1895-இல் ப்ராய்ஷன் என்ற ஜெர்மானியர் சிறையை நிலைநாட்ட ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1925-இல் தீத்ரிக் அதை மறுத்து, இது கடைசிக்கால மறுநிலைநாட்டலைக் குறிக்கும் சொல் என்று தனி நூலே எழுதினார். 1929-இல் பௌமன் நடுவே புகுந்து, கடன்பட்டவனைச் சிறைவைத்த நிலை நீங்குவதே இது என்றார். கெட்டிக்காரத்தனமான கருத்துதான், சோதோம் யாரிடம் கடன்பட்டது என்பதற்கு அதில் விடையில்லை. ப்ராய்ஷன் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு: 'ஊத்' ஈறு, ஹகரத்தில் முடியும் வேர்களோடு இயல்பாகச் சேரும். கலா, காலூத், ஸனா, ஸெனூத், அதுபோல ஷாபா, ஷெபூத். உருவளவில் இது சரியே. ஆனால் நீதிமொழிகள் 4:24-இல் உதட்டின் கோணலுக்கு வரும் 'லெஸூத்' என்ற சொல்லின் வேர் லூஸ். ஷூப் போலவே நடு மெலிந்த வேர். அது லெஸூத் ஆகுமானால் ஷூப் ஷெபூத் ஆவதில் தடை என்ன?

இந்த வழக்கு அகராதிக்குள்ளேயே முடிந்திருக்கும். அலெப்போவுக்குத் தென்கிழக்கே செஃபீரே என்ற ஊரில் கிடைத்த கற்கள் அதை வெளியே கொண்டுவந்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டு அரமேய ஒப்பந்தக் கற்கள் அவை. அர்பாத் அரசன் மத்தியேலைப் பர்-கஅயா என்ற பெரிய அரசன் கட்டுப்படுத்திய ஆவணம். மூன்றாம் கல்லின் வாசகம் 1956-இல் வெளிவந்தது. தல்அயிம் என்ற இடம் முன்னே என் தகப்பன் வீட்டுக்கு உரியது. தேவர்கள் என் தகப்பன் வீட்டை அடித்தபோது அது பிறர் கைக்குப் போயிற்று. இப்போது தேவர்கள் என் தகப்பன் வீட்டின் 'ஷீபத்'தைத் திருப்பிவிட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படுவதன் சாரம். வினை ஷூப், அதன் பிறவினை. பெயர் ஷின், யோத், பேத், தாவ். கைதி இல்லை, சிறை இல்லை. குடியின் இழந்த நிலையும் நிலமும் மீண்டன. எபிரெய வேதத்துக்கு வெளியே, அண்டை மொழியில், அதே காலத்தில் அதே தொடர். இதற்கு மேல் சாட்சி கேட்பவரிடம் நான் பேசுவதில்லை.

அந்தக் கல்லை விட்டு உடனே நகர மனமில்லை. முதல் கல்லில் ஒரு கன்றுக்குட்டி வருகிறது: இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல மத்தியேலும் வெட்டப்படுவானாக என்ற சாபம். வெட்டுதலுக்கு அங்கே வரும் வேர் 'கஸர்'. ஆதியாகமம் 15:17-இல் புகையும் சூளையும் அக்கினிஜுவாலையும் கடந்துபோன துண்டங்களின் பெயர் 'கெஸாரீம்', அதே வேர். உடன்படிக்கை செய்வதை எபிரெயர் 'காரத் பெரீத்' என்பர். காரத் என்றாலும் வெட்டுதலே. எரேமியா 34:18-இல் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே கடந்தவர்கள் நிற்கிறார்கள். பெரீத் என்பது அக்காதிய 'பிரீத்து', அதாவது விலங்கு, கட்டு, என்பதோடு உறவுடையது என்பதை நான் ஏற்கிறேன். 'பாரா' (உண்) என்ற வேரிலிருந்து விருந்தைக் கொண்டு விளக்குவோர் சூதுவாதில்லாதவர்கள், அவ்வளவே. தமிழில் 'உடன்படிக்கை' என்றதும் இருவர் ஒத்துக்கொண்டது என்றே தோன்றும். ஆபிராமோ அந்நேரம் அயர்ந்த நித்திரையில் கிடந்தார். துண்டங்களின் நடுவே நடந்தது ஒரு பக்கம் மட்டுமே. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதற்காகவே ஒப்பந்தம் என்ற சொல்லைத் தவிர்த்து, ஒருவன் தானே தீர்மானித்து எழுதிவைக்கும் மரணசாசனத்துக்கு உரிய 'தியாதேக்கே'யை எடுத்தார்கள். நூலின் அட்டையில் நாம் 'ஏற்பாடு' என்று அச்சிடுவது அதற்கு நெருங்கியது. உள்ளே புரட்டினால் உடன்படிக்கை. அட்டைச் சொல்லே மேல்.

இனி நம் 'சிறை'. இச்சொல்லைப் பழந்தமிழில் தேடுவோர்க்கு முதலில் கிடைப்பது பறவையின் சிறகு. பிறகு காவல், குறள் 57-இல் அப்பொருள். அகத்திணையில் 'சிறைப்புறம்' வேலிக்கு அப்பால் தலைவன் நிற்கும் இடம். தொல்காப்பியப் புறத்திணையில் 'கற்சிறை' பெருவெள்ளத்தைத் தாங்கும் கல்லணை. தடுத்து நிறுத்துவது என்ற கருத்திலிருந்தே கைதியின் சிறை விரிந்திருக்கவேண்டும். சங்கீதம் 126:4 ஷெபூத்தை நெகேவின் ஓடைகளோடு ஒப்பிடுவதை இங்கே நினைக்கிறேன். நம் மொழிபெயர்ப்பில் அவை 'தெற்கத்தி வெள்ளங்கள்'. கோடையில் அந்தப் பள்ளங்களில் மணலும் பரலுமே கிடக்கும். மழை பெய்தால் பழைய தடத்தில் பழைய நீர் ஓடும். யாரும் அந்த நீரைக் கட்டிவைத்திருக்கவில்லை. அது தன் வழிக்கு மீள்கிறது. பாடியவன் ஷெபூத்தைச் சிறை என்று கேட்டிருந்தால் இந்த உவமை அவன் நாவில் வந்திராது.

தமிழ்ச் சபைகளில் பெண்கள் ஜெபிக்கும்போது இந்தச் சொல்லை எப்படி ஆளுகிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். கடன், தீராத நோய், பிள்ளையில்லாமை, வேலையில்லாத மகன், எல்லாவற்றுக்கும் "சிறையிருப்பை மாற்றும் ஆண்டவரே" என்கிறார்கள். மொழிபெயர்ப்பு குறுக்கிய பொருளை அவர்கள் வேண்டுதல் விரித்துவிட்டது. யோபின் ஷெபூத் அதுவே. சொற்பொருளில் அவர்கள் பிரசங்கிமாரைவிட மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்கு மிஞ்சியிருப்பது எரேமியா 48. அங்கே 46-ஆம் வசனத்தில் மோவாபின் குமாரரும் குமாரத்திகளும் சிறைப்பட்டுப் போகிறார்கள்; சொற்கள் ஐயமற ஷாபாவின் பிள்ளைகள். அடுத்த வசனத்திலேயே மோவாபின் ஷெபூத் திரும்புகிறது. எண்ணாகமம் 21:29-இல் மோவாபைப் பற்றிய பழம்பாட்டில் ஷெபீத் சிறையேதான், மறுக்கவில்லை. இரு வேர்களும் செவிக்கு ஒன்றாய்ப் பட்டதால் தீர்க்கதரிசி அவற்றை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்தார். சிலேடை ஆடுகிறவன் இரண்டு சொல் வைத்திருக்கிறான் என்பதற்கே அது சான்று. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிலேடை கட்ட முடியாது.

இந்த மோவாபு ஒன்றும் தனி விலக்கில்லை. அம்மோன் (எரேமியா 49:6), ஏலாம் (49:39), எகிப்து (எசேக்கியேல் 29:14) ஆகியவற்றுக்கும் இதே வாக்கு உண்டு. இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய தனிச் சொத்தாக இச்சொல்லைக் காட்டும் நூல்கள் இவ்வசனங்களைத் தாண்டிக் குதிக்கின்றன. இஸ்ரவேலுக்கு என்று சிறப்பாக உள்ளது அதன் காரணம். உபாகமம் 30-இன் முதல் பத்து வசனங்களில் ஷூப் வினை ஏழு முறை வருகிறது: ஜனம் திரும்பும், கர்த்தர் திருப்புவார், ஜனம் திரும்பும், கர்த்தர் திரும்பவும் மகிழ்வார். எரேமியா 30 முதல் 33 வரை ஷெபூத்தும் ஏழு இடத்தில் உண்டு; கடைசி இடமான 33:26-க்கு முந்திய வசனம் பகலோடும் இரவோடும் செய்த உடன்படிக்கையைக் காட்டி ஆணையிடுகிறது. லேவியராகமம் 26:42 யாக்கோபு, ஈசாக்கு, ஆபிரகாம் என்று பின்னோக்கி எண்ணுகிறது. பெயர் வரிசையிலேயே ஒரு திரும்புதல் இருக்கிறது. பூட்டைத் திறந்துவிடுவதற்கு இத்தனை முற்பிதாக்கள் வேண்டியதில்லை. துண்டங்களின் நடுவே கடந்தவர் தம் சொல்லுக்குத் தாமே மீள்வதுதான் ஷெபூத். 538-இல் நடந்ததும் பின்னால் நடந்ததும் அந்தத் திருப்பத்தின் துணுக்குகளாக இருக்கலாம். எந்த ஆண்டும் அதை முடித்துவைக்காது.

1950 ஜூலை 5-இல் இஸ்ரவேல் பாராளுமன்றம் யூதர் நாடு திரும்பும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது அதற்கு இட்ட பெயர் 'ஹோக் ஹா-ஷ்வூத்'. கோரேசு காலத்துத் திரும்புதலை அவர்கள் 'ஷீவத் சீயோன்' என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுச் சட்டத்தை வேர்ச்சொல்லுக்குச் சான்றாக நான் காட்டமாட்டேன். ஆனால் எபிரெயம் பேசுகிறவர் செவியில் ஷெபூத் 'திரும்பு' என்றே ஒலித்தது என்பதை அது காட்டும்.

அந்த 'ஷீவத் சீயோன்' சங்கீதம் 126:1-இன் சொல். அங்கே ஷெபூத் இல்லை, ஷீபத் இருக்கிறது. எழுதியவன் கை தவறினான் என்று சொல்லி அதைத் திருத்திய உரைகாரர் பலர். செஃபீரேக் கல்லில் உளி வெட்டியதும் அதே நான்கு எழுத்து. சங்கீதக்காரன் கை தவறவில்லை. திருத்தியவர்கள்தாம் தவறினார்கள், சிறை என்று பெயர்த்தவர்கள் அவர்களுக்கும் முன்னே தவறினார்கள். வேர் ஷூப்தான்.