வழக்கும் வேற்றுமையும்

கம்மாபுரத்தில் மாலை வேளையில் நம்மிடம் அரபி இலக்கணம் ஓத வரும் மாணவர் ஒருவர், ஒரு நாள் தம் பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கண நூலையும் உடன் கொண்டுவந்தார். “ஹஜ்ரத், பெயர்ச்சொல்லின் வேற்றுமையையும் கேஸ் என்கிறார்கள். எங்கள் அத்தா விருத்தாசலம் கோர்ட்டுக்கு அலைவதையும் கேஸ் என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தானா?” என்று கேட்டார்.

ஒரே சொல்தான். இலத்தீன் மொழியில் ‘காசுஸ்’ என்றால் வீழ்ச்சி. நேர்ந்த நிகழ்ச்சி, வந்து விழுந்த சம்பவம் என்னும் பொருளில் அது நீதிமன்றத்திற்குச் சென்றது. பெயர்ச்சொல் தன் இயல்பான நிலையிலிருந்து சாய்ந்து விழுவதே வேற்றுமை என்று கிரேக்கர் எண்ணினர். அவர்களுடைய சொல்லை மொழிபெயர்த்த உரோமர் அதே ‘வீழ்ச்சி’யை இலக்கணத்திற்கும் வைத்தனர். பெட்டியைக் குறிக்கும் கேஸ் என்பது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல்.

அரபு இலக்கணிகளோ இதை உயர்வும் தாழ்வுமாகக் கண்டனர். ரஃப்உ என்றால் உயர்த்துதல். நஸ்பு என்றால் நிறுத்துதல். ஜர்ரு என்றால் இழுத்தல். மூன்றையும் சேர்த்து இஃராப் என்றனர்; தெளிவுபடுத்துதல் என்பது அதன் பொருள். இந்தத் தெளிவு இல்லாவிடில் நீதிமன்றமே தடுமாறும் என்பதற்குக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் சபையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் மாணவரும் தலைமைக் காஜியுமான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், இலக்கணம் அத்துணை பெரிய கல்வியன்று என்ற கருத்தில் பேசினார்களாம். அங்கிருந்த இலக்கண மேதை கிஸாயீ, “ஒருவன் ‘அன காதிலு குலாமிக’ என்கிறான், இன்னொருவன் ‘அன காதிலுன் குலாமக’ என்கிறான். யாரைத் தண்டிப்பீர்?” என்று வினவினார். “இருவரையும்” என்றார்கள் காஜி. அரபு மொழியை நன்கறிந்த ஹாரூன், “தவறினீர்” என்றார்.

முதல்வன் சொன்னது, ‘உன் பணியாளின் கொலையாளி நான்’ என்பதாகும். அது நடந்துவிட்ட செயலை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். இரண்டாமவன் சொன்னதோ, ‘உன் பணியாளைக் கொல்பவன் நான்’, அதாவது இனிக் கொல்லப்போகிறேன் என்பது. அங்கே கொலை இன்னும் நடக்கவில்லை. தமிழ் முறையில் கூறின், ஆறாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் இடையில் ஓர் உயிர் தொங்கிற்று. இமாம் அபூயூசுஃப் ஹிஜ்ரி 182லும், கிஸாயீ 189லும் மறைந்தனர். ஜர்ரையும் நஸ்பையும் மனப்பாடம் செய்யச் சோம்பும் மாணவர்களுக்கு நாம் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை.

இனி நம் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ஒரு சொல்லை நாம் இரண்டாகப் பிரித்து, வேற்றுமை என்றும் வழக்கு என்றும் வைத்துக்கொண்டோம். ஆனால் வழக்கு என்னும் சொல்லே இலக்கணத்திற்கும் நீதிக்கும் பொதுவானது! வழங்குவது வழக்கு. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூலுக்கு வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கூறுகிறது. பவணந்தியாரின் நன்னூல் அதனை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என வகுத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்றாக்கும். சிலப்பதிகாரத்திலோ கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் பகுதி வழக்குரை காதை. மக்கள் நாவில் நெடுங்காலம் வழங்கியதே சரியான மொழி. மக்கள் வாழ்வில் நெடுங்காலம் நடந்ததே உரிமை. இவ்விரு எண்ணங்களும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

வெள்ளையர் நீதிமன்றமும் இதை ஏற்றது. இராமநாதபுரம் சேதுபதி ஜமீனில் கணவரை இழந்த ராணி, கணவரின் முன் அனுமதியின்றிப் பங்காளிகளின் இசைவுடன் தத்தெடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இந்து சட்டத்தில் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட நூல்விதியையும் வெல்லும் என்று 1868ல் அங்கே தீர்ப்பாயிற்று. (வக்கீல், முன்சீப், தாவா, ஜாமீன், பைசல், ரத்து என்று அரபுச் சொற்களாலேயே நம் தமிழ் நீதிமன்றம் பேசிவருவது வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.)

முஸ்லிம்களின் நிலை என்ன? 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்கு அவர்களின் சட்டமே என்றது. சட்ட வலிமை பெற்ற வழக்கம் இருப்பின் அதனையும் ஏற்றது. இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் பெண்மக்களின் பங்கு வெளியே போயிற்று. ‘எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலமில்லை’ என்பது ஒரு வாதமாயிற்று. ஃபிக்ஹு நூல்களும் வழக்கத்தை மதிப்பவையே. ‘உருஃபு’ என்று அதற்குப் பெயருமுண்டு. எனினும், இறைவசனம் தெளிவாக இருக்குமிடத்தில் அதற்கு எதிராக நிற்க உருஃபுக்கு இடமில்லை. மகளின் பங்கோ அன்னிஸா அத்தியாயத்தில் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், வாரிசுரிமையில் மாறான வழக்கத்தை ஒதுக்கியது. ஆனால் விவசாய நிலத்தை மட்டும் விலக்கி வைத்தது. கிராமத்தில் நிலத்தை விட்டால் பங்கிட வேறென்ன இருக்கிறது? சென்னை மாகாணம் 1949ல் திருத்தம் செய்து அந்த விலக்கையும் நீக்கிற்று. அன்று முதல் நம் பகுதியின் நஞ்சையும் புஞ்சையும் ஷரீஅத்துக்கு உட்பட்டவையே.

இவ்வளவையும் கேட்ட மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார்: அவருடைய அத்தாவின் மீது தாவா போட்டிருப்பவர் அவருடைய சொந்த மாமி, அத்தாவின் ஒரே தங்கை. ‘நம் ஊர் வழக்கம் அப்படி’ என்பதே அத்தாவின் மறுமொழியாம். நாம் அவர்கள் வீட்டுக் காரியத்தில் தலையிடவில்லை. அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, ஃபராயிள் பாடத்தின் முதல் கணக்கை மட்டும் கொடுத்தோம்: தந்தை மறைந்தார்; ஒரு மகன், ஒரு மகள்; வேறு வாரிசு இல்லை; கடனும் வஸிய்யத்தும் இல்லை; நிலம் மூன்று ஏக்கர்.

மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று எழுதினார். சரி என்றோம். அந்தத் தாளை மடித்து ஆங்கில இலக்கண நூலுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.