அரசனுக்கு ஒரு சட்டம், மக்களுக்கு ஒரு சட்டம்: டென்மார்க் 1665 – 1849

வரம்பில்லா முடியாட்சி என்றதும் பிரான்சின் பதினான்காம் லூயிதான் முதலில் நினைவுக்கு வருவார். மரபும் படையும் செல்வமும் அவரை அந்த உயரத்தில் வைத்திருந்தன. அவருடைய அதிகாரம் இன்னதென்று வகுத்துரைக்கும் சாசனம் எதுவும் இருக்கவில்லை. அரசனுக்கு மேல் மண்ணுலகில் எவரும் இல்லை என்பதை நாற்பது பிரிவுகளில் சட்டமாகவே எழுதி வைத்த நாடு டென்மார்க். 1665 நவம்பர் 14 அன்று மூன்றாம் பிரெடெரிக் கையொப்பமிட்ட அந்த அரச சட்டம் 1848 வரை நின்றது. அரசியலமைப்பு ஆட்சி எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது என்பது என் துணிபு.

அந்தச் சட்டத்தை வரவழைத்தவர்கள் குடிமக்களே. 1660 வரை டென்மார்க்கின் அரசரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிரபுக்கள். முடிசூடுமுன் அவர்கள் நீட்டும் நிபந்தனைப் பத்திரத்தில் அரசர் ஒப்பமிட வேண்டும். சுவீடனுடன் நடந்த போரில் கருவூலம் வற்றியது. வரி கொடுக்க வேண்டிய நேரத்தில் பிரபுக்கள் தங்கள் வரிவிலக்கை விட்டுத்தர மறுத்தார்கள். கோபன்ஹேகன் மேயர் ஹான்ஸ் நான்சனும் ஆயர் ஹான்ஸ் ஸ்வானேயும் வணிகரையும் குருமாரையும் ஒன்று திரட்டி, அரசுரிமையைப் பரம்பரைச் சொத்தாக்கி அரசருக்கே தந்துவிடுவோம் என்றனர். நகரின் வாயில்கள் அடைக்கப்பட்டன. வெளியேற வழியில்லாத பிரபுக்கள் இணங்கினர். பழைய நிபந்தனைப் பத்திரம் ரத்தாகி அரசர் கைக்கே திரும்பி வந்தது. பல எசமானர்களின் கொடுமையிலிருந்து தப்ப ஒரே எசமானரிடம் அடைக்கலம் புகுந்த அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

சட்டத்தை எழுதியவர் பேதர் ஷூமாக்கர், ஒரு திராட்சை மது வணிகரின் மகன். அரசர் லூதரன் சமயத்தைக் காக்க வேண்டும், நாட்டைத் துண்டாடக் கூடாது, இந்தச் சட்டத்தை மாற்றக் கூடாது; இவற்றைத் தவிர அவரைக் கட்டுப்படுத்துவது எதுவுமில்லை. சட்டம் ஆக்கவும் நீக்கவும், அதிகாரிகளை அமர்த்தவும் அகற்றவும், போர் தொடுக்கவும், வரி விதிக்கவும் அவருக்கு மட்டுமே உரிமை. அவர் எவரிடமும் உறுதிமொழி எடுக்க வேண்டியதில்லை. 1671-இல் ஐந்தாம் கிறிஸ்தியான் அருள்பொழிவு எண்ணெய் பூசிக்கொள்ளத் தேவாலயத்துக்கு வந்தபோது முடியை முன்பே தம் தலையில் சூடிக்கொண்டே வந்தார். சூட்டிவிடும் தகுதி வேறு எந்த மனிதனுக்கும் இல்லை என்பது கொள்கை. இச்சட்டம் 1709 வரை அச்சேறவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள், தாங்கள் படித்தறியாத சட்டத்தின்கீழ் ஒரு நாட்டின் மக்கள் வாழ்ந்தார்கள். ஷூமாக்கர் கிரிஃபன்ஃபெல்ட் என்ற பட்டத்தோடு முதன்மை அமைச்சராக உயர்ந்தார். 1676-இல் அவர்மீதே துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு, கொலைமேடையில் மண்டியிட்ட நிலையில் தண்டனை ஆயுள் சிறையாக மாற்றப்பட்டது. அரசரின் சீற்றத்தைத் தடுக்க ஒரு பிரிவையும் அவர் தம் சட்டத்தில் எழுதி வைத்திருக்கவில்லை.

ஆங்கிலத் தூதராக இருந்த ராபர்ட் மோல்ஸ்வொர்த் 1694-இல் வெளியிட்ட நூல், டென்மார்க் தன் விடுதலையைத் தானே தொலைத்த கதையை ஐரோப்பாவுக்குச் சொன்னது. அறிவொளிக் காலச் சிந்தனை டேனிய அரண்மனைக்குள் நுழைந்ததோ ஒரு மருத்துவரின் வழியாக. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்த யோஹான் ஃபிரெடரிக் ஸ்ட்ரூயென்சே, மனநலம் குன்றிய ஏழாம் கிறிஸ்தியானின் மருத்துவராக வந்து ஆட்சியையே கையில் எடுத்துக்கொண்டார். 1770 செப்டம்பரில் தணிக்கையை அறவே ஒழித்தார். வால்டேர் டேனிய அரசரை வாழ்த்திக் கவிதை மடலே எழுதினார். விசாரணையில் சித்திரவதை நின்றது. பிரபுக்களின் ஆலோசனைச் சபை கலைந்தது. பண்ணையாருக்கு உழவர் செய்யவேண்டிய கட்டாய உழைப்புக்கு வரம்பு வந்தது. 1771 ஜூலையில் தம் கையொப்பம் அரசரின் கையொப்பத்துக்கு நிகரானது என்ற ஆணையையும் பெற்றார். அவர் தந்த எழுத்துரிமையைக் கொண்டே அவரையும், அவரோடு காதல் கொண்டிருந்த அரசி கரோலின் மத்தில்டாவையும் தூற்றும் பிரசுரங்கள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அவரே அந்த உரிமையைக் குறுக்கினார்.

1772 ஜனவரி 17 விடியலுக்கு முன் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனையில் முகமூடி நடனம் முடிந்து விளக்குகள் அணைந்திருந்தன. அரசரின் சிற்றன்னை யூலியானா மரியாவும் அவருடைய ஆட்களும் அரசரின் படுக்கையறைக்குள் நுழைந்தனர். அஞ்சி நடுங்கிய அரசரிடம் சதி ஒன்று நடக்கிறது என்று சொல்லி, கைது ஆணைகளை நீட்டினார்கள். அவர் ஒப்பமிட்டார். தணிக்கையை ஒழித்த அதே கை, ஒழித்தவரைச் சிறைக்கு அனுப்பியது. ஏப்ரல் 28 அன்று ஸ்ட்ரூயென்சேயின் வலக்கையை முதலில் வெட்டி, பிறகு தலையைத் துண்டித்தார்கள். அவருக்கு வயது முப்பத்து நான்கு. மக்கள் அவருக்காகத் திரளவில்லை. சீர்திருத்தங்கள் எதிலும் அவர் அவர்களைக் கலந்துகொண்டதில்லை. நல்ல எண்ணம் அவருக்கு இருந்தது, அறிவும் இருந்தது. தாம் தந்தது தமக்குப் பின்னும் நிற்பதற்கான ஏற்பாடு ஒன்றுகூட இல்லை.

அடுத்து வந்த, யூலியானா மரியாவின் தரப்பைச் சேர்ந்த குல்பெரின் ஆட்சி அவருடைய சீர்திருத்தங்களில் பலவற்றைத் துடைத்தது. 1784-இல் பட்டத்து இளவரசர் பிரெடெரிக் ஆட்சியைக் கைப்பற்றியபின் காற்று மாறியது. 1788-இல், உழவர்குடி ஆண்களைப் பிறந்த பண்ணையோடு கட்டிவைத்த விதி நீங்கியது. 1792-இல் பிறந்த ஆணை, 1803 முதல் அடிமை வணிகத்தைத் தடுத்தது. டேனிய மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை 1848-இல் அடிமைகள் கிளர்ந்தெழும் வரை தொடர்ந்தது. உழவரை விடுவித்த இதே இளவரசரின் அரசுதான் 1799-இல் கடுமையான பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்து எழுத்தாளர் ஹைபெர்கை நாடு கடத்தியது. அரசியலமைப்பு வேண்டும் என்று பேசியதற்காக 1820-இல் கைதான இறையியலாளர் டாம்பேக்கு மரண தண்டனை விதித்து, ஆயுள் சிறையாக மாற்றினார்கள். அவருக்கு முழு விடுதலை கிடைத்தது 1848-இல்.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் கைக்குப் போனது. 1777-இல் வணிகக் குழுமத்திடமிருந்து டேனிய முடியாட்சி அதை நேரடியாக ஏற்றுக்கொண்டது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சமயப் பணியாளர் சீகன்பால்குவும் ஹாலேயில் பயின்றவரே. அவரை அனுப்பியவர் நான்காம் பிரெடெரிக், அரச சட்டத்தின்படி ஆண்ட மன்னர். கோபன்ஹேகனில் ஒரு படுக்கையறையில் விழுந்த கையொப்பம் தரங்கம்பாடிக் கடற்கரைவரை செல்லுபடியாகும் என்பதே அன்றைய நிலை.

1848 மார்ச் 21 அன்று, பாரிஸ் புரட்சியின் செய்தி சூடாக இருந்தபோது, கோபன்ஹேகன் மக்கள் பல்லாயிரவராக அரண்மனை நோக்கி நடந்தார்கள். அமைச்சர்களை ஏற்கெனவே விலக்கிவிட்டதாக ஏழாம் பிரெடெரிக் தெரிவித்தார். ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் அங்கே வரம்பில்லா முடியாட்சி முடிந்தது. புதிய அமைச்சர்களில் மோன்ராத் முன்வரைவு எழுத, ஓர்லா லேமன் அதைத் திருத்த, மக்கள் தேர்ந்தவர்களோடு அரசர் நியமித்தவர்களும் அமர்ந்த சபை விவாதித்து, 1849 ஜூன் 5 அன்று அரசியலமைப்பு கையொப்பமானது. சட்டம் ஆக்கும் அதிகாரம் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பொதுவாயிற்று. நீதிமன்றங்கள் தனித்து நின்றன. கூடும் உரிமையும் வழிபாட்டுரிமையும் எழுத்தில் வந்தன. தணிக்கையை இனி எக்காலத்திலும் மீண்டும் கொண்டுவரலாகாது என்று ஒரு பிரிவு சொன்னது. 1770-இல் ஒருவர் பேனா தந்து, அதே பேனா பறித்ததை, எந்தப் பேனாவும் பறிக்க முடியாததாக்க எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

அந்தச் சாசனமும் முழுமையானதல்ல. முப்பது வயது நிரம்பிய, சொந்தமாகக் குடித்தனம் நடத்தும் ஆண்களுக்கே வாக்குரிமை. பெண்களுக்கும், பிறர் வீட்டில் தங்கி வேலை செய்தோருக்கும், ஏழை நிவாரணம் வாங்கித் திருப்பித் தராதோருக்கும் இல்லை. கீழவையின் பெரும்பான்மையை மதித்து அமைச்சரவை அமைக்கும் வழக்கம் 1901-இல்தான் வந்தது. பெண்கள் 1915-இல்தான் அரசியலமைப்பில் வாக்காளர் ஆனார்கள். ஆனாலும் இவையெல்லாம் கேட்டுப் பெறுவதற்கு ஒரு மன்றம் இருந்தது, காட்டிப் பேசுவதற்கு ஓர் ஏடு இருந்தது.

தரங்கம்பாடி மக்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1845-இல், அரசியலமைப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, டென்மார்க் அவ்வூரைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அவர்களைக் கேட்டு நடந்த விற்பனை அல்ல அது. தரங்கம்பாடியைப் பற்றி எழுதப்போகும் இளம் ஆய்வாளர்கள் டான்ஸ்போர்க் கோட்டையோடும் அச்சகத்தோடும் நின்றுவிடாமல், 1665-இன் நாற்பது பிரிவுகளையும் 1849-இன் சாசனத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது நம்மவரையும் ஆண்டது. இரண்டாவது நம்மவரை எட்டவே இல்லை.