மண்கோட்டையும் திரைக்கோட்டையும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் நிகழ்ந்த விவாதங்கள் குறிப்பேடுகளில் உள்ளன. கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடை வாசலில் நிகழ்ந்தவற்றுக்குக் குறிப்பேடு இல்லை. அப்படி ஓர் இரவு நண்பர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து. "வரலாற்றுப் படத்தில் வரும் துப்பாக்கியும் பீரங்கியும் கோட்டையும் அக்காலத்தவையாகவே இருக்க வேண்டுமா? உணர்ச்சி உண்மையாக இருந்தால் போதாதா?" என்று அவர் கேட்டார்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1944ஆம் ஆண்டின் குளிர்காலப் போரைச் சித்திரிக்கும் 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' என்னும் ஆங்கிலப் படம் 1965இல் வெளிவந்தது. அதில் ஜெர்மானியரின் டைகர் டாங்கிகளாக நடித்தவை, ஸ்பெயின் நாட்டுப் படையிடமிருந்து பெறப்பட்ட அமெரிக்க எம்-47 டாங்கிகள். அமெரிக்கத் தளபதி பேட்டனின் பெயரைச் சூட்டிப் போருக்குப் பின்னர் உருவாக்கப்பட்டவை அவை. பேட்டனின் பெயர் தாங்கிய வண்டிகளே திரையில் பேட்டனின் பகைவருக்கு ஊர்தியாயின! மெய்யான டைகர் டாங்கிகள் ஒரு சிலவே உலகில் எஞ்சியிருந்தமையால், கிடைத்ததைக் கொண்டு படம் எடுத்தனர்.

தமிழில் இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளத்தக்கது, 1959இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் நடிப்பும் ஒரு தலைமுறையின் நாவில் ஏறின. ம.பொ.சி.யின் வரலாற்று ஆய்வு படத்துக்குத் துணைநின்றது. போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாயின. சிறுவனாகக் கீற்றுக் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்த எனக்கு, பாஞ்சாலங்குறிச்சி என்றாலே வானளாவிய மதிலும் வேலைப்பாடு மிக்க தூண்களும்தாம் நெஞ்சில் நின்றன.

மெய்யான பாஞ்சாலங்குறிச்சி வேறு. 1801ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தம் நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட கோட்டை முற்றிலும் மண்ணால் ஆனது. சுவரின் உயரம் ஏறத்தாழ 12 அடி, சுற்றிலும் முள்வேலி. இந்த மண்சுவரை நோக்கி 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. கட்டபொம்மன் அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று கும்பினிப் படை மறுபடியும் தோற்றது. கூடுதல் படையும் பெரும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே, மே 24 அன்று கோட்டை விழுந்தது.

இனிப் படைக்கலங்களைப் பார்ப்போம். கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி. காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தையும் குண்டையும் குழாயின் வாய்வழியே இட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். நன்கு பயின்றவனும் நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சுடுவது அரிது. நூறு கெஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. மழை பெய்தால் மருந்து நனையும். ஆகவே இடைவிடாது சுடும் துப்பாக்கியை அக்காலப் போரில் காட்டினால் அது பிழை. சிப்பாய்க்குக் காக்கி உடுத்தினாலும் பிழையே. காக்கி பிறந்தது 1840களின் பிற்பகுதியில், பஞ்சாபில். கும்பினிச் சிப்பாய் அணிந்தது சிவப்புச் சட்டை. அதுவும் கையால் தைத்தது. தையல் இயந்திரம் அன்று புழக்கத்தில் இல்லை என்பதை நம் ஊராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாளையக்காரர் பக்கம் நின்றவை திரித் துப்பாக்கி, வாள், மிக நீண்ட ஈட்டி, வளரி. சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தார் என்றும், கைதேர்ந்தவர் வீசினால் நூறு கெஜத்துக்குள் அது குறி தப்பாது என்றும் வெல்ஷ் எழுதியுள்ளார். கற்பித்தவரை எதிர்த்தே அவர் பின்னாளில் போரிட நேர்ந்தது.

இத்தகைய படைக்கலங்கள் ஏன் நம் நினைவில் தங்கவில்லை? விடை 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கிறது. தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை அது தடைசெய்தது. கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. நம் கொங்குநாட்டில் 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் ஓடாநிலையிலும் இன்று மணிமண்டபம் உண்டு, பழைய கோட்டை இல்லை. தோற்றவரின் ஆயுதத்தை வென்றவர் அழித்துவிட்டபின், கலை இயக்குநர் எதைப் பார்த்து வரைவார்? வெற்றிடத்தைக் கற்பனை நிரப்பியது. இதற்காகப் பந்துலுவைக் குறைகூறுதல் நன்றியற்ற செயல். மறந்துகொண்டிருந்த ஒரு பெயரை வீடுதோறும் சேர்த்தது அப்படமே.

எனினும் நண்பரின் வினாவுக்கு என் விடை, "போதாது" என்பதே. கற்கோட்டைக்குள் இருந்து போரிடுவதைவிட, 12 அடி மண்சுவருக்குப் பின்னால் ஈட்டியுடன் நின்று பீரங்கியை எதிர்கொள்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். கோட்டையை உயர்த்திக் காட்டும்போது அதனுள் நின்ற மனிதரை நாம் அறியாமலே தாழ்த்திவிடுகிறோம்.

இதே கடமை நம் ஊருக்கும் உண்டு. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் தடியடிபட்டு, மறுநாள் உயிர்நீத்த குமரனின் கையில் இருந்த படைக்கலம் ஒரு கொடி மட்டுமே. பள்ளி நாடகங்களில் குமரனாக வரும் சிறுவன், அசோகச் சக்கரம் பொறித்த கொடியை ஏந்தி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அக்கொடி 1947 ஜூலை 22 அன்றுதான் ஏற்கப்பட்டது. குமரன் காலத்தில், 1931இல் காங்கிரஸ் ஏற்ற மூவண்ணக் கொடியின் நடுவே இருந்தது இராட்டை.

நூலால் வாழும் ஊர் நம்முடையது. அடுத்த ஆண்டு நாடகத்திலேனும் அச்சிறுவனின் கையில் இராட்டைக் கொடியைக் கொடுப்போம். நூற்கும் கருவி பொறித்த துணியைக் காக்கவே ஒருவன் தன் மண்டை உடையக் கொடுத்தான் என்பதை அவன் அறிந்து ஏந்தட்டும்.