குவாரென்தேனா

ஸ்பானிய மொழியில் 'குவாரென்தா' என்றால் நாற்பது. குவாரென்தேனா அதிலிருந்து பிறந்தது. நோய்க்கு அஞ்சிக் கப்பலைத் துறைமுகத்தில் தனித்து நிறுத்திவைப்பதற்கும் இதே சொல்தான். ஆனால் மெக்சிகோ, குவாத்தமாலா வீடுகளில் பிள்ளை பெற்றவள் ஓய்வெடுக்கும் 40 நாளையும் அது குறிக்கும். பச்சை உடம்பில் குளிர் ஏறக்கூடாது, காற்றுப் படாமல் போர்த்திக்கொள்ள வேண்டும். வயிற்றைச் சுற்றி 'ஃபாஹா' என்னும் துணிக்கட்டு, குடிக்கச் சூடான கோழிச் சாறு. அடுப்படி பாட்டி பொறுப்பு.

அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறிய தாய்க்கு இந்த வழக்கம் பிரசவ வார்டிலேயே தடைப்படுகிறது. பெற்ற கையோடு ஐஸ் போட்ட தண்ணீரை நீட்டுகிறார்கள். அவள் தொடாமல் வைத்துவிடுகிறாள். வெந்நீர் வேண்டுமா என்று அவள் மொழியில் கேட்க ஒருவர் வேண்டும். வீட்டுக்குப் போனாலோ, பல குடும்பங்களில் பாட்டி எல்லைக்கு அப்பால் இருக்கிறார். 1993-ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். 50 பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் நாற்பது நாள் எப்படிப் படுத்திருப்பாள்? அவளை வீட்டுக்கு அனுப்பும் முன், கூடமாட உதவ யார் இருக்கிறார்கள் என்று செவிலியர் கட்டாயம் கேட்க வேண்டும்.